பனிக்காலத்தில் வண்டி: ஹீட்டர், மைலேஜ், காலை ஸ்டார்ட்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி பிறந்துவிட்டால் ஒர்க் ஷாப்பில் வேலையைவிடச் சந்தேகங்கள் அதிகம் வரும். தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்து ஆட்களுக்கு ஸ்டார்ட்டிங் கவலை. கிருஷ்ணகிரி, பாலக்கோடு, தருமபுரி ஆட்களுக்கு மைலேஜ் கவலை. பெங்களூருக்குத் தினமும் போய்வருகிறவர்களுக்குக் கண்ணாடியில் படியும் பனி. ஆளாளுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகள், கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

"பனிக்காலத்துல மைலேஜ் குறையும்னு சொல்றாங்க. நம்ம ஊர் குளிருக்குக்கூடவா குறையும்?"

கொஞ்சம் குறையும். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, 25 டிகிரியில் ஓடுகிற பெட்ரோல் கார் மைனஸ் 7 டிகிரியில் ஓடினால், நகர ஓட்டத்தில் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறைகிறது. ஐந்தாறு கிலோமீட்டரே ஓடும் சிறு பயணம் என்றால் 24 சதவீதம் வரை போகிறது. அது உறைபனி கொட்டும் ஊர்களின் கணக்கு.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். மார்கழி, தை விடியலில் அங்கே 12, 13 டிகிரிக்கு இறங்குவது உண்டு. தருமபுரி, அரூர் பக்கம் அந்த அளவுக்குக் குளிராது. பத்து மணிக்கு வெயில் ஏறிவிட்டால் எல்லா ஊரும் ஒன்றுதான். அதனால் சேலம், சென்னை என்று நெடுந்தூரம் ஓடுகிற வண்டிக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. காலையில் எடுத்து மூன்று கிலோமீட்டரில் நிறுத்தி, ஆறிய பிறகு மறுபடி எடுக்கிற வண்டிக்குத்தான் அடி. கீழே பல பதில்களில் இந்தச் சிறு ஓட்டம் திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் நம் ஊரில் பனிக்கால மைலேஜ் பெரும்பாலும் போவது இதில்தான்.

"எஞ்சின் குளிர்ந்திருந்தா ஏன் கூடுதலா குடிக்குது?"

பெட்ரோல் ஆவியானால்தான் எரியும். குளிர்ந்த எஞ்சினில் தெளிக்கிற பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்ட, எஞ்சினின் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட அதிகமாகத் தெளிக்கும். ரேடியேட்டர் தண்ணீர் சூடேறும்வரை இது நடக்கும்.

அதோடு எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் கெட்டியாக இருக்கும். அவற்றைத் தள்ளிக்கொண்டு சுற்றவே சக்தி போகும். புத்தகத்தில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிற எஞ்சினுக்கு, "நம்ம ஊருக்கு இதுதான் சரி" என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் அந்த இழுவை தெரியும். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் சிறிதானால், குளிரில் ஆயில் சுலபமாக ஓடும் என்று அர்த்தம்.

இன்னொன்று காற்று. 12 டிகிரிக் காற்று 28 டிகிரிக் காற்றைவிட ஐந்து சதவீதம் அடர்த்தி கூடியது. நான்கு வழிச் சாலையில் எண்பதில் போகும்போது அதைக் கிழித்துக்கொண்டு போகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். இதைத் தவிர்க்க வழியில்லை. வேகத்தைக் குறைத்தால் குறையும்.

"காலையில ஸ்டார்ட் பண்ணிட்டு பத்து நிமிஷம் நிக்க வெச்சு சூடு பண்றேன். சரிதானேண்ணா?"

வேண்டாம். பத்து நிமிடம் நிறுத்தி ஓடவிட்டால் சின்ன காரே நூறு மில்லிக்கு மேல் குடித்துவிடும், ஒரு கிலோமீட்டர்கூட நகராமல். அப்படியும் வண்டி முழுதாகச் சூடேறாது. ஐடிலில் எஞ்சினுக்கு வேலை இல்லாததால் சூடு மெதுவாகத்தான் பிறக்கும். கியர் பாக்ஸும் வீல் பேரிங்கும் டயரும் ஓடினால் மட்டுமே சூடாகும்.

ஸ்டார்ட் செய்யுங்கள், சீட் பெல்ட் போடுங்கள், கண்ணாடியைத் துடையுங்கள். அந்த அரை நிமிடம் போதும். பிறகு முதல் மூன்று நான்கு கிலோமீட்டர் மிதமாக ஓட்டுங்கள். குளிர்ந்த எஞ்சினை 'விர்ர்' என்று முறுக்குவதுதான் அதற்குக் கெடுதல், டர்போ வண்டிக்கு இன்னும் கெடுதல். ஏர் பிரேக் உள்ள லாரி, பஸ் மட்டும் விதிவிலக்கு: காற்று ஏறும்வரை நின்றே ஆகவேண்டும், அது பாதுகாப்பு.

"டூவீலர் காலையில எடுக்கவே மாட்டேங்குது. சோக் போட்டா எடுக்குது, சோக்கை விட்டா நின்னுடுது."

கார்புரேட்டர் வண்டி என்றால் சோக் அதற்காகத்தான் இருக்கிறது. அது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிறது, அதாவது மேலே இரண்டாவது பதிலில் கம்ப்யூட்டர் செய்வதாகச் சொன்ன வேலையைக் கையால் செய்கிறோம். ஒரு நிமிடம் ஓடியதும் மெல்லத் தள்ளிவிடுங்கள். சோக்கை மறந்து கேன் கட்டிக்கொண்டு பால் சொசைட்டி வரைக்கும் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்; மைலேஜும் போய், பிளக்கும் கரி பிடித்துக் கறுத்துவிடும். சோக்கை விட்டால் ஐந்து நிமிடம் கழித்தும் நிற்கிறது என்றால் கார்புரேட்டரைக் கழுவவேண்டும், பிளக்கைப் பார்க்கவேண்டும். குளிரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் ஊசி வழியாகப் பெட்ரோல் தெளிப்பவை. அவற்றில் சோக் தேவையில்லை. சாவி போட்டதும் பம்ப் சத்தம் ஒரு நொடி கேட்டு நிற்கும். அதன் பிறகு ஸ்டார்ட்டரை அழுத்துங்கள், ஆக்சிலரேட்டரைத் தொடவேண்டாம்.

"ஏ.சி. போட்டா பெட்ரோல் செலவாகுதே, அதே மாதிரி ஹீட்டருக்கும் ஆகுமா சார்?"

இந்தச் சந்தேகத்தால் குழந்தைகளோடு நடுங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். தாராளமாகப் போடுங்கள். ஏ.சி.க்கு கம்ப்ரஸர் ஓடவேண்டும், அது எஞ்சினின் சக்தியை எடுக்கும். ஹீட்டர் அப்படி இல்லை. எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டர் தண்ணீர் வழியாக வெளியே வீணாகப் போகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அந்தச் சூடான தண்ணீர் அதற்குள் ஓட, ஃபேன் அதன்மேல் காற்றை ஊதுகிறது. செலவு அந்த ஃபேனுக்கான கரண்ட் மட்டும்தான்.

ஒரு சின்ன யோசனை: எடுத்தவுடனே ஹீட்டரை முழுதாகத் திறக்காதீர்கள். அப்போது தண்ணீரில் சூடு இல்லை; இருக்கிற கொஞ்சத்தையும் உறிஞ்சினால் எஞ்சின் சூடேறுவது தள்ளிப்போகும். டெம்பரேச்சர் முள் அசைந்த பிறகு திறக்கலாம்.

"அரை மணி நேரம் ஓட்டியும் ஹீட்டர்ல சூடே வரலையே?"

முதலில் முள்ளைப் பாருங்கள். முள் உச்சிக்குப் போகிறது, ஆனால் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது என்றால் கூலன்ட் (ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர்க் கலவை) குறைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, வண்டியை அங்கேயே ஓரங்கட்டி அணையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

முள் நடுவில் சரியாக நிற்கிறது, சூடு மட்டும் வரவில்லை என்றால் ஹீட்டர் குழாயில் காற்று அடைத்திருக்கலாம், அந்தக் குட்டி ரேடியேட்டர் உப்புப் பிடித்து அடைத்திருக்கலாம், அல்லது காற்றைத் திருப்பும் மடல் சிக்கியிருக்கலாம். முள் நடுவுக்கு ஏறவே இல்லை என்றால் அடுத்த கேள்வியைப் படியுங்கள். (சில பழைய அடிப்படை மாடல்களில் ஹீட்டரே கிடையாது. குமிழ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

"வெயில் காலத்துல வண்டி சூடாகுதுன்னு தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வெச்சிட்டாங்க. இப்பவும் அது இல்லாமத்தான் ஓடுது. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். பனிக்காலத்தில் மைலேஜ் குறைகிறது என்று வருகிற பழைய கார்களிலும் ஜீப்களிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சின்ன வால்வு. தண்ணீர் ஏறத்தாழ 82 முதல் 88 டிகிரியைத் தொடும்வரை மூடியிருக்கும். அதுவரை தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயும் ஹீட்டரிலுமே சுற்றும், ரேடியேட்டருக்குப் போகாது. அதனால்தான் எஞ்சின் சீக்கிரம் சூடேறுகிறது. அதைக் கழற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்து தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்தே திரும்பும். சூளகிரி தாண்டி மார்கழிக் காற்றில் அறுபதில் போகும்போது முள் பாதிக்குக்கூட ஏறாது. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு வழிநெடுகக் கூடுதலாகத் தெளிக்கும். சிறு ஓட்டத்தில் மட்டும் வரவேண்டிய நஷ்டம் முழு ஓட்டத்துக்கும் வந்துவிடும்.

மைலேஜ் மட்டுமல்ல பிரச்சினை. ஆவியாகாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து தேய்மானத்தைக் கூட்டும். பிஎஸ்-6 டீசலில் சைலன்சரின் கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யச் சூடு வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடைத்து விளக்கு எரியும். வெயில் காலத்தில் சூடானதற்குக் காரணம் அடைத்த ரேடியேட்டரோ, ஓடாத ஃபேனோ, தேய்ந்த வாட்டர் பம்போ ஆக இருந்திருக்கும். அதைச் சரிசெய்துவிட்டுப் புது தெர்மோஸ்டாட் போடச் சொல்லுங்கள். அந்தப் பாகத்தின் விலை, வீணாகும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

"நம்ம ஊர்ல தண்ணி ஐஸ் ஆகாதே, கூலன்ட் எதுக்கு? போர் தண்ணியே ஊத்திக்கிறேன்."

கூலன்ட் உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டும். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துப் போர் தண்ணீரின் குணம் எல்லோருக்கும் தெரியும்; ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டதால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற அந்த உப்பு எஞ்சினுக்குள்ளும் படியும். ஹீட்டர் குழாய்கள் மெல்லியவை என்பதால் முதலில் அடைவது அவைதான். கலந்தே விற்கும் கூலன்ட்டை ஊற்றுங்கள். அடர் கூலன்ட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரோடு கலந்துகொள்ளுங்கள்.

"பனியில போகும்போது முன் கண்ணாடி மூடிக்குது. துடைச்சா மறுபடியும் மூடிக்குது. என்ன பண்றது?"

விரலால் உள்பக்கம் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் பனி உள்ளே; விழாவிட்டால் வெளியே. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

உள்ளே என்றால், அது உங்கள் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிவது. ஐந்து பேர் ஏறினால், ஈர மிதியடி இருந்தால், இன்னும் வேகமாகப் படியும். காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், சூட்டைக் கூட்டுங்கள், ஏ.சி.யையும் போடுங்கள். குளிரில் ஏ.சி.யா என்று கேட்கவேண்டாம், ஏ.சி. காற்றிலிருக்கிற ஈரத்தைப் பிழிந்து எடுத்துவிடும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கித் தரும். முக்கியமாக, காற்று உள்ளேயே சுற்றுகிற பட்டனை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள். பலர் குளிருக்குப் பயந்து அந்தப் பட்டனைப் போட்டுவைத்திருப்பதுதான் கண்ணாடி திரும்பத் திரும்ப மூடுவதற்குக் காரணம். ஏ.சி.க்குக் கொஞ்சம் பெட்ரோல் போகும், போகட்டும். ராயக்கோட்டைச் சாலையில் எதிரே தக்காளி லோடு வருவது தெரியாமல் ஓட்டி மிச்சம் பிடிக்கிற காசு நமக்கு வேண்டாம்.

வெளியே என்றால், ஏ.சி. காற்று கண்ணாடியைக் குளிரவைத்து வெளி ஈரம் அதில் படிகிறது. காற்றைக் கண்ணாடியிலிருந்து காலுக்குத் திருப்புங்கள், குளிரைக் குறையுங்கள், வைப்பரை ஓரிரு முறை ஓட்டுங்கள். கையால் துடைக்கும் பழக்கத்தை விடுங்கள். கை எண்ணெய் ஒட்டிய இடத்தில் பனி சீக்கிரம் படியும், எதிர் வெளிச்சமும் சிதறும்.

"டயர்ல காத்து தானா குறையுமா? பஞ்சர் இல்லைங்கறாங்க."

குறையும். பத்து டிகிரி வெப்பம் இறங்கினால் கார் டயரில் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும். ஆடி, ஆவணியில் அடித்துவிட்டு மறந்திருந்தால், தானாகக் கசிந்ததும் சேர்ந்து நான்கைந்து குறைந்திருக்கும். காற்று குறைந்த டயர் உருள அதிக சக்தி வேண்டும். வண்டி ஆறியிருக்கும்போது பாருங்கள், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு அடியுங்கள்.

"பேட்டரி போன மாசம் வரைக்கும் நல்லா இருந்துச்சு. குளிர் வந்ததும் செத்துடுச்சு."

அதைத் தேய்த்தது பங்குனி, சித்திரை வெயில். மார்கழி காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். வெயிலில் உள்ளே தகடுகள் கெடும், அப்போதெல்லாம் எஞ்சின் சுலபமாகச் சுற்றுவதால் தெரியாது. குளிரில் பேட்டரியின் வலு குறைகிறது, ஆயில் கெட்டியாகி எஞ்சின் சுற்றவும் அதிக வலு கேட்கிறது. மூன்று நான்கு வருடம் ஆன பேட்டரியை ஐப்பசியிலேயே சோதித்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது கிளட்சை மிதியுங்கள், விளக்கு, ஃபேன் எல்லாம் அணைந்திருக்கட்டும். ஸ்டார்ட்டரைப் பத்து நொடிக்குமேல் விடாமல் அடிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள்.

"டீசல் வண்டியில ஸ்பிரிங் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியுது. அது என்ன? டீசல் உறைஞ்சுடுமா?"

அது எஞ்சினுக்குள் டீசல் எரியும் அறையைச் சூடேற்றும் பிளக்கின் விளக்கு. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது, அழுத்தச் சூட்டிலேயே எரியவேண்டும். உலோகம் குளிர்ந்திருந்தால் அந்தச் சூடு போதாது. விளக்கு அணையும்வரை இரண்டு மூன்று நொடி பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். காலையில் வெள்ளையாகப் புகைந்து அதிர்ந்து எடுத்தால் ஒரு பிளக் போயிருக்கலாம்.

தளியில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் கெட்டியாகிறதே, அதுபோல டீசலிலும் மெழுகு உண்டு. ஆனால் அது மெழுகு கட்ட நம் குளிர் போதாது. லடாக்குக்காகவே இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரிவரை உறையாத டீசலைக் கொண்டுவந்தது. இங்கிருந்து அந்தப் பக்கம் லோடு ஏற்றிப் போகிறவர்கள், நம் ஊர் டீசலை டேங்கில் மிச்சம் வைத்துக்கொண்டு மலை ஏறாமல், அங்கே கிடைப்பதைப் போட்டுக்கொள்ளவேண்டும்.

"விடியக்காலையில பெட்ரோல் போட்டா குளிர்ல சுருங்கி, அளவு கூட வரும்னு சொல்றாங்களே?"

பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும் என்பது உண்மை. ஆனால் பெட்ரோல் பங்கில் டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது, அங்கே காலைக்கும் மதியத்துக்கும் சூடு அவ்வளவு மாறாது. ஐந்து டிகிரி மாறினாலே ஐந்நூறு ரூபாய்க்கு இரண்டரை ரூபாய்தான். அதற்காகப் பனியில் எழுந்து வண்டியை ஆறிய எஞ்சினோடு எடுத்துப் போய்வந்தால் அதைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

"சைலன்சர்ல வெள்ளைப் புகையும் தண்ணியும் வருது. எஞ்சின் போச்சா?"

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். குளிர்ந்த சைலன்சரில் அது சொட்டும், வெளியே வந்ததும் புகைபோலத் தெரியும். சூடேறியதும் நின்றுவிட்டால் கவலை வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டரே ஓடுகிற வண்டியில் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கிச் சைலன்சர் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறையாவது நீண்ட தூரம் ஓட்டுங்கள். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை வந்து கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கவேண்டும். நீலப்புகை ஆயில் எரிவது, கரும்புகை எரிபொருள் மிகுதி.

"மார்க்கெட் திறக்கற வரைக்கும் எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டர் போட்டு, கண்ணாடிய ஏத்திட்டுத் தூங்கலாமா?"

கூடாது. பூ லோடும் தக்காளி லோடும் கொண்டுவந்து விடியும்வரை காத்திருக்கும் தம்பிகள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஓட்டை சைலன்சர் வழியாக, தேய்ந்த ரப்பர் வழியாக உள்ளே வரும். தூக்கத்திலேயே மயக்கம் வரும், எழுந்து கதவைத் திறக்கக் கைகால் வராது. ஷெட்டுக்குள் நிறுத்தியிருந்தால் ஆபத்து பல மடங்கு. வண்டிக்குள் கரி நெருப்பு வைப்பதும் இதே கதைதான். எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குங்கள்.

"எலெக்ட்ரிக் வண்டிக்கும் குளிர்ல கிலோமீட்டர் குறையுமா?"

குறையும், அங்கே ஹீட்டர் கணக்கு தலைகீழ். வீணாகப் போகிற எஞ்சின் சூடு இல்லாததால் காரைச் சூடாக்கப் பேட்டரியிலிருந்தே எடுக்கவேண்டும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019-இல் வெளியிட்ட சோதனையில், மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டர் போடாமல் ஓடும் தூரம் 12 சதவீதம் குறைந்தது. போட்டால் 41 சதவீதம். நம் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் செய்யப்படுகிற ஸ்கூட்டர்களில் ஹீட்டரே இல்லை. நம் குளிருக்கு அவற்றில் சிறு குறைவுதான் தெரியும்.

"கிருஷ்ணகிரியில இருந்து ஓசூர் போகும்போது மைலேஜ் குறையுது, வரும்போது ஏறுது. ஓசூர் குளிர்தானே காரணம்?"

மேடுதான் காரணம். ஐம்பது கிலோமீட்டரில் சுமார் 400 மீட்டர் ஏறுகிறீர்கள். ஆயிரம் கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க ஏறத்தாழ அரை லிட்டர் பெட்ரோல் தனியாக வேண்டும். இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. குளிரின் பங்கு இதற்குப் பக்கத்தில்கூட வராது.

இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் இன்னும் மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள். இப்போதைய எஞ்சின்களில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் முழுதாக நின்றுவிடும்; நியூட்ரலில் ஐடிலுக்குத் தெளித்துக்கொண்டே இருக்கும். தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லோடு வண்டிகள் அங்கே என்னென்ன செய்தன என்பது தருமபுரிக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

"அப்போ என் வண்டியில மைலேஜ் குறைஞ்சது குளிராலயா, பழுதாலயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மீட்டரில் காட்டும் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரே பெட்ரோல் பங்கில், பெட்ரோல் போடும் துப்பாக்கி தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். போக, வர இரண்டும் சேர்த்து முந்நூறு கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அதே பங்கில் அதேபோல நிரப்பி வகுத்துப் பாருங்கள். முந்தைய பதிலில் சொன்ன மேடு பள்ளக் கணக்கு இதில் சரியாகிவிடும். நீண்ட ஓட்டத்தில் பழைய கணக்கிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், நம் ஊர்க் குளிர் அவ்வளவு செய்யாது, வண்டியில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஊற்றும் பெட்ரோலையும் மறக்காதீர்கள்: எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில், கலக்காததைவிட லிட்டருக்கு ஆறேழு சதவீதம் சக்தி குறைவு, அது எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும்.

பிறகு வரிசையாக டயர் காற்று, ஏர் ஃபில்டர், டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, சமதரையில் பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு வீல்களுக்கும் பக்கத்தில், தொடாமல், கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்து பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை அன்றைக்கே காட்டிவிடுங்கள்.